தானாக அணையும் பழைய லெப்டொப்: காரணம் கண்டறியும் முறை

பழைய லெப்டொப் பாதி வேலையில் அணைந்துவிட்டால் வெக்கையைக் குறை சொல்வது கொழும்பில் எடுபடலாம், நானுஓயாவில் எடுபடாது. புகையிரத நிலையமே ஏறத்தாழ 1,620 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அருகிலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். கொழும்பில் அது 27க்கு மேல். உயரத்தால் ஒரு பாதகமும் உண்டு. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது அள்ளிச் செல்லும் காற்றின் நிறை அந்த அளவுக்குக் குறைகிறது. ஆனால் உள்ளே நுழையும் காற்று பத்துப் பாகை குளிர்ந்தது என்பதால் அந்த இழப்பு ஈடாகிவிடுகிறது. ஆகவே இங்கே ஒரு லெப்டொப் சூட்டால் அணைகிறது என்றால் கோளாறு அதற்குள்ளேதான் இருக்கிறது.

கோப்புகளை முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவிட வேண்டும். ஸ்குரூ டிரைவருக்கு இப்போது வேலை இல்லை.

1. அணைப்பது சூடுதானா?

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுவே. லெப்டொப்பின் அடிப்பாகம் சுடுகிறது, லெப்டொப் அணைகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, செயலியின் சூட்டைக் கடத்தப் பூசும் தேர்மல் பேஸ்டை வாங்க நேரே போய்விடுகிறார்கள். கழற்றிப் பூசி மூடிய பிறகும் அது அணைந்தால், குற்றம் பற்றரியிலோ சார்ஜரிலோ இருந்தது அப்போதுதான் தெரியவருகிறது. சுடும் லெப்டொப் எல்லாம் சூட்டால் அணைவதில்லை.

சூட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில், நன்றாக ஆறிய லெப்டொப்பை மேசைமேல் வைத்து, ஒரு படத்தை முழுத்திரையில் ஓடவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் அணைகிறது என்று குறிக்க வேண்டும். அணைந்ததும் உடனே மறுபடி போட்டு இரண்டாவது நேரத்தைக் குறிக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் ஆறவிட்டு மூன்றாவது முறை. 15, 3, 14 என்பதுபோல் வந்தால் அது சூடு. 4, 40, 11 என்று தாறுமாறாக வந்தால் சூட்டை விட்டுவிட்டு மின்சாரத்தின் பக்கம் திரும்ப வேண்டும். மூன்று முறையும் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பது அவசியம். ‘கொஞ்ச நேரத்தில் அணைந்தது’ என்ற கணக்கு எதற்கும் உதவாது.

மின்சாரத்தைப் பிரித்துப் பார்ப்பதும் எளிது. கழற்றக்கூடிய பற்றரியாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஒரு முறை, சார்ஜர் இல்லாமல் பற்றரியில் மட்டும் ஒரு முறை ஓட்ட வேண்டும். பற்றரியில் மட்டும், அதுவும் 30 அல்லது 40 வீதம் காட்டும்போதே பட்டென்று அணைந்தால் பற்றரி ஓய்ந்துவிட்டது என்று பொருள். சார்ஜரில் மட்டும் அணைந்தால் சார்ஜரின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். வோல்ட் அளவு லெப்டொப் கேட்பதற்குச் சமமாகவும் அம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருப்பது விதி. 65 வாட் கேட்கும் லெப்டொப்புக்கு, முனை பொருந்துகிறது என்பதற்காக 45 வாட் சார்ஜரைச் செருகியிருப்பது அடிக்கடி காணும் தவறு. வேலை கூடும் வேளையில் அந்தச் சார்ஜர் கைவிடும்; அந்த வேளையில்தான் லெப்டொப்பும் சுடும். ஏமாற்றுவது இந்த ஒற்றுமைதான்.

மலையகத்துக்கென்று ஒரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கம்பிகளில் மரக்கிளை உரசி மின்சாரம் ஒரு கணம் கண் சிமிட்டும். உயிருள்ள பற்றரி அதைத் தாங்கிக்கொள்ளும். செத்த பற்றரியோடு ஓடும் லெப்டொப் அந்தக் கணமே அணைந்துவிடும். மேசைக் கணினி வைத்திருப்பவருக்கு இது பழகிய சங்கதி. லெப்டொப் வைத்திருப்பவர் சூட்டைச் சந்தேகிப்பார்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டையும் ஒரு முறை பார்க்கலாம். கேர்னல் பவர் என்ற பெயரில் 41ஆம் இலக்கப் பதிவு இருந்தால், ஒழுங்காக மூடப்படாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. 86ஆம் இலக்கம் இருந்தால் வெப்பநிலை எல்லை மீறியதால் அணைந்தது என்று அர்த்தம். 41ஐப் பார்த்துவிட்டு மின்வழங்கியைக் குற்றம் சொல்லக் கூடாது. சூட்டால் திடீரென அணைந்தாலும் அதே 41 வரும்.

2. வெளியேறும் காற்றைப் பிடித்துப் பார்த்தல்

சூடுதான் என்று உறுதியானால் கோர் டெம்ப் போன்ற ஓர் இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 பாகை, கடும் வேலையில் 70 முதல் 90 பாகை என்பது பழைய லெப்டொப்புக்கு இயல்பு. இன்டெல் லெப்டொப் செயலிகள் பலவற்றின் எல்லை 100 அல்லது 105 பாகை. அதை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோதுதான் அணைப்பு.

எண்ணைவிட அதிகம் சொல்வது கை. வெப்பநிலை 90ஐத் தாண்டும்போது காற்று வெளியேறும் துவாரத்தின் முன் உள்ளங்கையை வைக்க வேண்டும்.

- காற்றே இல்லை: விசிறி நின்றுவிட்டது.
- காற்று கொஞ்சம், ஆனால் சுடுகிறது: விசிறிக்குப் பின்னால் தூசி அடைத்திருக்கிறது.
- காற்று பலமாக, ஆனால் குளிர்ச்சியாக வருகிறது: செயலியின் சூடு விசிறிக்கு அருகிலுள்ள உலோகத் தகடுகளுக்கு வந்து சேரவில்லை. தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது சூட்டைக் கடத்தும் செப்புக் குழாய் பழுதாகியிருக்கும்.
- காற்று பலமாகவும் சூடாகவும் வருகிறது: குளிரூட்டும் பகுதி தன் வேலையைச் செய்கிறது, பின்னணியில் ஓடும் மென்பொருளைத் தேட வேண்டும்.

எண் ஏறும் வேகமும் ஒரு சாட்சி. வேலை கொடுத்த சில விநாடிகளில் 50லிருந்து 95க்குத் தாவினால் பேஸ்ட்; பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் தூசி.

3. கழற்றுமுன்

கம்பளி, மெத்தை, மடி மூன்றும் கூடாது. குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன்மேலேயே லெப்டொப்பை வைத்தால் அடியிலுள்ள காற்றுவழி மூடிக்கொள்ளும். மின்சக்தி அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 100லிருந்து 99 வீதமாக்கினால் பெரும்பாலான லெப்டொப்களில் டர்போ வேகம் நின்று சூடு கணிசமாக இறங்கும். தற்காலிகமாகச் சமாளிக்க இது போதும். ஆனால் இது மருந்தல்ல.

4. தூசி

வெளியிலிருந்து ஊதுவது வீண்வேலை. தூசி சேருவது விசிறி இறக்கைகளில் அல்ல. விசிறிக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் இடையிலுள்ள சந்தில். கம்பளி நூலும் விறகடுப்புப் புகைக்கரியும் ஈரமும் சேர்ந்து அங்கே கம்பளித்துணிபோல் ஒரு படலம் படிகிறது. ஊதினால் அது இடம் மாறி மறுபடி அதே இடத்தில் ஒட்டும். பற்றரியின் இணைப்பைத் துண்டித்து, விசிறியைக் கழற்றி, அந்தப் படலத்தைச் சிமிட்டாவால் முழுதாக உரித்தெடுக்க வேண்டும். பிளோயர் பிடிப்பதானால் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். காற்றில் தறிகெட்டுச் சுழலும் விசிறியின் பேரிங் கெட்டுவிடும். பற்றரி உப்பியிருப்பது தென்பட்டால் அதைக் குத்தாமல், அழுத்தாமல் அகற்றிவிட வேண்டும்.

5. பேஸ்ட்

பழையதை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, செயலியின்மேல் ஓர் அரிசி மணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். திருகாணிகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருந்தால் அந்த வரிசையில் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். கழற்றும்போது தலைகீழ் வரிசை. பக்கத்துச் சில்லுகளின்மேல் மெத்தென்ற பட்டைகள் இருந்தால் அவற்றுக்குப் பதில் பேஸ்ட் பூசக் கூடாது. அந்த இடைவெளியைப் பேஸ்டால் நிரப்ப முடியாது.

6. கைவிட வேண்டிய நிலை

இத்தனைக்குப் பிறகும் திரையில் கோடுகள் விழுந்து அணைந்தால் கோளாறு கிராபிக்ஸ் சில்லில் இருக்கலாம். லெப்டொப்களில் தன் சில்லுகள் சில வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாவதை என்விடியா 2008 யூலையில் ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டொலர் ஒதுக்கியது. அந்தக் காலத்து லெப்டொப்பில் இந்த அறிகுறி தெரிந்தால் பேஸ்ட் மாற்றிப் பயனில்லை. சூட்டுக்காற்றால் சில்லைச் சுட்டு உயிர்ப்பிக்கும் வித்தை சில வாரம் தாங்கும், அவ்வளவுதான்.

மூடிய பின் முதற்படியின் நேரச் சோதனையை அதே படத்தோடு மறுபடி செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் அணையாமல் ஓடி, வெப்பநிலை 90க்குக் கீழே நின்றால் வேலை முடிந்தது. அந்த எண்ணையும் திகதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அடிப்பக்கத்தில் ஒட்டிவைத்தால், அடுத்த முறை தூசி எப்போது சேர்ந்தது என்பது எண்ணைப் பார்த்தே தெரியும்.