நாம் அனுப்பும் மின்னஞ்சல் போய்ச் சேருகிறதா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வியாபாரி ஒருவர், சென்னைக் கடைக்கு மின்னஞ்சலில் விலைப்பட்டியல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளாகியும் பதில் இல்லை. விலை கட்டவில்லை போலும் என்று இவர் இருந்துவிடுகிறார். கேட்ட விலையை அனுப்பவில்லையே என்று கடைக்காரர் வேறிடத்தில் ஆர்டர் கொடுத்துவிடுகிறார். கடிதமோ அவருடைய ஸ்பாம் பெட்டியில் கிடக்கிறது. ஜிமெயிலில் அந்தப் பெட்டிக்குப் போனவை 30 நாளில் தாமாகவே அழிந்துவிடும். இராஜபாளையத்திலிருந்து பேண்டேஜ் துணிக்குக் கொட்டேஷன் அனுப்புபவருக்கும், மொத்தக் கடைக்கு மளிகை ஆர்டர் அனுப்புபவருக்கும் இதே நஷ்டம் நேரலாம்.

நம் கிட்டங்கிக்கு முன்பின் தெரியாத லாரி வந்து, "இன்னார் அனுப்பிய சரக்கு" என்றால் உடனே இறக்கிவிடுவோமா? பில்லைக் கேட்போம். மின்னஞ்சலைப் பெறும் நிறுவனங்களும் அப்படித்தான் கேட்கின்றன. கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 பிப்ரவரி முதல் இதைக் கண்டிப்பாக்கின. தினம் 5,000 கடிதம் அனுப்புவோருக்குத்தானே என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்குக் கீழே சொல்லும் மூன்றும் தேவை. ஒரே ஒரு கடிதம் அனுப்புபவருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது தேவை.

1. எஸ்.பி.எப்.: நம் சரக்கை ஏற்றிவரும் லாரிகளின் எண்களை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது போன்றது. நம் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல் இது. பில்லிங் சாப்ட்வேர் மூலமும் கடிதம் போகிறதென்றால் அதையும் சேர்க்க வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே பட்டியல்தான்; இரண்டு எழுதினால் இரண்டுமே செல்லாது.

2. டி.கே.ஐ.எம்.: மூட்டைக்கு வைக்கும் சீல் போன்றது. வழியில் யாரேனும் கடிதத்தை மாற்றினால் சீல் உடைந்தது தெரிந்துவிடும்.

3. டிமார்க்: மேற்கண்ட இரண்டில் ஒன்றாவது தேறி, அனுப்புநர் முகவரியில் உள்ள டொமைனோடு ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் விட்டுவிடுவதா, ஸ்பாமில் போடுவதா, திருப்பி அனுப்புவதா என்று நாமே கொடுக்கும் உத்தரவு இது. முதலில் "விட்டுவிடு" என்று வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்தபின் கடுமையாக்கலாம். "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று நம் டொமைன் பெயரிலேயே வேறொருவர் கடிதம் விடுவதையும் இது தடுக்கும்.

இம்மூன்றையும் டொமைனின் டி.என்.எஸ். பக்கத்தில் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பவரிடம் சொன்னால் செய்து தருவார். சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து நேராக அனுப்புவோருக்குக் கூகுளே இதைச் செய்துவிடுகிறது. ஆனால் பில்லிங் சாப்ட்வேர் தன் சர்வரிலிருந்து நமது ஜிமெயில் முகவரியைப் போட்டு அனுப்பினால் ஆபத்து. கூடாது என்று கூகுளின் விதியே சொல்கிறது.

சரியாக உள்ளதா என்று பார்ப்பது எளிது. நம் கடை முகவரியிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்குக் கடிதம் அனுப்பி, அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, மூலக் கடிதத்தைக் காட்டும் பகுதிக்குப் போனால், மூன்றுக்கும் எதிரே "பாஸ்" என்று இருக்க வேண்டும்.

கடிதம் திரும்பி வந்தால் எரிச்சலில் அழித்துவிட வேண்டாம். அதிலுள்ள எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. மறுபடி முயற்சி நடக்கும். 5இல் தொடங்கினால் மறுப்பு. காரணத்தைச் சரிசெய்யாமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. ஜிமெயில் 5.7.26 என்று சொன்னால், அனுப்பியவர் நாம்தான் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று பொருள்.

அத்தாட்சி இருந்தும் பழக்கம் கெட்டால் பெயர் கெடும். கேட்காதவர்களுக்குத் தீபாவளி விலைப்பட்டியல் அனுப்புவதும், முகவரிகளை விலைக்கு வாங்குவதும் வேண்டாம். ஸ்பாம் என்று புகார் செய்வோர் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டவே கூடாது என்பது கூகுளின் கணக்கு. செத்துப்போன முகவரிகளை நீக்கிவிடுவோம். புது வாடிக்கையாளரிடம் நம் முகவரியைச் சேமித்துக்கொள்ளச் சொல்வோம்.

பணம், ஆர்டர் சம்பந்தப்பட்ட கடிதமானால் போனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். காலையில் கடை திறந்ததும் நம் ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். நமக்கு வந்த ஆர்டரும் அங்கே கிடக்கலாம்.