மரவள்ளிக்குத் துணை வேண்டும்

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்படும் பால்மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பர். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் ஒன்பது இங்கு நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்த ஒன்பதில் எஞ்சியது இம்மரம் என்பர். நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த கதையின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

அந்த மரத்துக்கு ஓர் உறவினர் உண்டு. லயத்துக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் இடையில் வளர்ந்த மரவள்ளிதான் அது. பால்மரம், மரவள்ளி இரண்டும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. கீறினால் இரண்டிலும் பால் வடியும். இரண்டிலும் லினமரின் என்னும் ஒரே நச்சுப்பொருள் உள்ளது. முன்னது நமக்குச் சம்பளம் கொடுத்தது. சம்பளம் நின்றுபோன காலத்தில் பின்னது சோறாக நின்றது. இக்கட்டுரை அந்தப் பின்னதைப் பற்றியது.

காலஞ்சென்ற என் பாட்டி மரவள்ளியைத் தொடமாட்டார். வீட்டில் கிழங்கு வெந்தால் வாசல் திண்ணைக்குப் போய்விடுவார். “சப்பான்காரன் காலத்துல தின்னது போதும்” என்பார். கிழங்கே கெட்ட உணவு என்றுதான் சிறுவயதில் நானும் எண்ணியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஊட்டச்சத்து பற்றிப் படித்த பிறகே, குற்றம் கிழங்கினுடையதன்று என்று விளங்கியது.

போருக்கு முந்திய மலாயா தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இறங்கியதும் அந்த வழி அடைபட்டது. இரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்வெட்டு வேலையும் போயிற்று. ஆண்கள் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். எஞ்சியவர்கள் கிடைத்த நிலத்திலெல்லாம் மரவள்ளி ஊன்றினர். பெரிபெரி, ஆறாத கால்புண், மலேரியா ஆகிய மூன்றும் தோட்டங்களில் சேர்ந்தே திரிந்தன.

இங்கு நம்மவர் அதிகம் அறியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய தலைமுறையில், தீட்டிய வெள்ளையரிசி உண்ட ஈயச் சுரங்கத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியபோது, தோட்டத் தமிழர்களை அந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. 1905-இல் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருவகை அரிசியையும் இரு பிரிவினருக்குக் கொடுத்துப் பார்த்ததும் இதையே காட்டியது. ஆக, நம்மைக் காத்துவந்த புழுங்கல் சோறு 1942-இல் தட்டிலிருந்து மறைந்தது. அதன் இடத்தில் வேகவைத்து நீர் வடித்த கிழங்கு வந்தது. வடித்த நீரோடு பி1 சத்தின் ஒரு பகுதியும் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு கிராம் பச்சைக் கிழங்கில் சுமார் 160 கலோரி, 38 கிராம் மாவுச்சத்து, 20 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளன. புரதமோ 1.4 கிராம்தான். ஒருவர் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ கிழங்கு தின்றால் 2,400 கலோரி கிடைத்துவிடும். பசி அடங்கும், மண்வெட்டியும் பிடிக்கலாம். ஆனால் புரதம் 21 கிராமைத் தாண்டாது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம் வேண்டும். வயிறு நிறைந்திருக்க உடல் தேய்ந்த விந்தை இதுதான். போர்க்காலத்தில் ஒன்றரைக் கிலோவும் எல்லாருக்கும் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

நஞ்சும் புரதமும்

மரவள்ளியைக் கீறினால், நசுக்கினால், அதிலுள்ள லினமரின் ஒரு நொதியோடு கலந்து சயனைடை வெளியிடுகிறது. இது பயமுறுத்தச் சொல்வதன்று. நாம் வீட்டில் உண்ணும் இனிப்பு வகைகளில் இது கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ்தான் இருக்கும். கசப்பு வகைகளில் பல மடங்கு கூடும். சதையைவிடத் தோலிலும் இலையிலும் அதிகம்.

சிறிதளவு சயனைடு உடலுக்குள் போனால் கல்லீரல் அதைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். இந்த மாற்றத்துக்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் மீன், முட்டை, இறைச்சி போன்ற புரத உணவுகளிலிருந்து வருகின்றன. அதாவது புரதம் குறைந்தவனுக்கே மரவள்ளியின் நஞ்சு அதிகம் தாக்கும். ஆப்பிரிக்காவில் ‘கொன்சோ’ என்றொரு நோய் உண்டு. கொங்கோவில் வழங்கும் யாக்கா மொழியில் ‘கட்டப்பட்ட கால்’ என்பது இதன் பொருள். மருத்துவ ஏடுகளில் 1938-இல் பதிவான இந்நோய், 1981-இல் மொசாம்பிக்கில் வறட்சியின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கால்களை முடக்கியது. பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். கசப்பு மரவள்ளியைத் தவிர வேறெதுவும் கிடைக்காத, அதையும் முறையாகப் பதப்படுத்தப் பொறுமை காட்ட முடியாத பசி அது.

நம் வீட்டில் அவித்த கிழங்குக்கு நெத்திலி சம்பலோ கருவாட்டுக் குழம்போ வைப்பது நாக்குச் சுவைக்காக மட்டும் என்று நான் எண்ணியிருந்தேன். கிழங்கில் இல்லாததை அந்தக் கருவாட்டுத் துண்டு கொண்டுவருகிறது. தயோசயனேட்டு அயோடின் உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடியது. ஆகவே கடல்மீனும் அயோடின் உப்பும் இரட்டிப்புத் துணை. பாட்டியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப கருவாட்டுக்கு எங்கடா போறது?” என்றார்.

அடுப்படியில்

தோலை உட்தோலோடு சேர்த்து உரித்துவிட வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் அந்தப் படலத்தை விட்டுவைப்பது தவறு. சிறு துண்டுகளாக நறுக்கி நிறையத் தண்ணீரில் போட வேண்டும். கொதிக்கும் நீரில் போடுவதைவிடப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பை மூட்டுவது நல்லது. நொதி சூட்டில் செயலிழந்துவிடும். அதற்குமுன் அது வேலை செய்ய நேரம் கொடுக்கிறோம். மூடி போடாமல் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டவேண்டும். அந்த நீரில் குழம்பு வைக்கும் சிக்கனம் வேண்டாம். கசக்கும் கிழங்கை யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

துருவல், ஊறல், புளிப்பு ஆகியவை வேகவைப்பதைவிட வலுவான முறைகள். மலாய் அண்டை வீட்டார் ராகி சேர்த்துச் செய்யும் தாப்பாய் இவ்வகையே. பகாங்கில் இரப்பர் கொட்டையைப் புளிக்கவைத்து ‘அசாம் ரோங்’ செய்கிறார்கள். உறவினருக்கு ஒரே வைத்தியம். ஆப்பிரிக்கக் கிராமங்களுக்காக ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஹோவர்ட் பிராட்பரி சொன்ன முறை இன்னும் எளியது: கிழங்கு மாவை நீரில் பிசைந்து மெல்லிய படலமாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரம் அல்லது நிழலில் ஐந்து மணி நேரம் விட்டால் சயனைடு ஆவியாகிப் போகும்.

இலைக்கொழுந்தையும் மறக்கக்கூடாது. கிழங்கைவிடப் பலமடங்கு புரதம் கொழுந்தில் உள்ளது, நஞ்சும் அப்படியே. இடித்து, நன்றாக வேகவைத்து, நீரைப் பிழிந்துவிட்டுத்தான் தேங்காய்ப்பாலில் போடவேண்டும். தோட்டத்தில் ஆட்டுக்குட்டி பச்சை இலையைத் தின்று செத்த கதையைப் பெரியவர்கள் சொல்வது வெறும் கதையன்று.

வளர்ப்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டு மாதம் தாண்டிய செடியின் நடுத்தண்டை ஒரு சாண் அளவு நறுக்கி, மேட்டுப்பாத்தியில் மூன்றடி இடைவெளியில் சாய்த்து ஊன்றினால் போதும். தண்ணீர் தேங்கினால் அழுகும். இனிப்பு வகைகளை எட்டு முதல் பத்து மாதத்தில் கிண்டலாம். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீல வரி ஓடிக் கெட்டுவிடும். ஆகவே வேண்டியபோது வேண்டியதை மட்டும் தோண்டுவதே அறிவு. நிலம் அதன் சேமிப்பறை. ஒரே இடத்தில் திரும்பத்திரும்பப் போட்டால் மண் சத்திழக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவில் இதைப் பெருவாரியாகப் பயிரிட்ட சீன முதலாளிகள் சில போகங்களில் நிலத்தைக் கைவிட்டுப் புதுக்காடு தேடிப் போனதும் இதனால்தான்.

இப்போது கடைகளில் மரவள்ளி மாவை ‘குளூட்டன் இல்லாதது’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். குளூட்டன் இல்லை என்பது மெய். அதனாலேயே சத்துணவு ஆகிவிடாது. ஸ்பெயினின் வலென்சியாவில் பால்போல் அரைத்துக் குடிக்கும் ‘டைகர் நட்’ என்ற கோரைக்கிழங்கில் கால்பங்கு கொழுப்பாவது இருக்கிறது. மரவள்ளி மாவில் அதுவும் கிடையாது.

மாவிலிருந்து வருவது ஜவ்வரிசி. அசல் சவ்வரிசி சாகோ பனையின் தண்டிலிருந்து எடுப்பது. போரினால் மலாயாச் சரக்கு நின்றபோது, சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வணிகர் மரவள்ளி மாவு எடுக்கத் தொடங்கினார். பினாங்கிலிருந்து போய்ச் சேர்ந்த போபட்லால் ஷா அவருக்குத் தொழில் நுணுக்கம் சொல்லிக்கொடுத்தார். ஆண்டு 1943. இங்கே தோட்டத்துத் தமிழர் வேறு வழியின்றிக் கிழங்கு தின்ற அதே ஆண்டுகளில், பினாங்குக்காரர் ஒருவரின் துணையோடு அங்கே ஒரு தொழில் பிறந்தது. சேலம் ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சாகோசர்வ் 1981-இல் அமைந்தது.

தீபாவளிக்கு நாம் காய்ச்சும் ஜவ்வரிசிப் பாயசத்தில் அந்தப் பளபளப்பான உருண்டைகள் முழுக்க மாவுச்சத்துதான். புரதம் ஏதேனும் இருந்தால் அது பாலிலும் முந்திரியிலும் இருப்பது.