ஞானோபதேசமும் நன்னெறியும்

வடிவுடையம்மனைக் கும்பிடும் குடும்பம் எங்களுடையது. மகளை ராயபுரத்துக் கத்தோலிக்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தால், பாடத்தோடு மதத்தையும் புகட்டிவிடுவார்களா?
– ஒரு தாய், திருவொற்றியூர்

சஞ்சலம் வேண்டாம், அம்மா. அரசாங்க அங்கீகாரமோ உதவிப் பணமோ பெற்ற எந்தப் பள்ளியும், பெற்றோரின் சம்மதமின்றி ஒரு குழந்தையை மதபோதனைக்கு உட்படுத்தலாகாது என்று அரசியல் சாசனத்தின் 28-ஆவது ஷரத்து திட்டமாக விதித்திருக்கிறது. ஆகையினாலேயே, கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறையில் ஞானோபதேசம் பயிலும் அதே வேளையில், ஏனைய பிள்ளைகள் அடுத்த அறையில் நன்னெறிப் பாடம் கற்பது இத்தகைய பள்ளிகள் பலவற்றில் நெடுநாளைய வழக்கமாக இருந்துவருகிறது. காலைக் கூட்டத்து ஜெபம் செவியில் விழுவதால் நெற்றிக் குங்குமம் அழிந்துவிடாது. சேர்க்கும் தினத்தன்றே, நன்னெறி வகுப்பையே விரும்புவதாக எழுதிக் கையொப்பமிட்டுத் தலைமையாசிரியையிடம் கொடுங்கள். கணக்கையும் மொழியையும் எவ்வளவு நேர்த்தியாகக் கற்பிக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். பக்தியை வீட்டு விளக்கு காப்பாற்றும்.