அளந்து வெட்டு, திருத்தினால் எழுது

அமெரிக்க சேபர் போர்விமானத்தின் மூக்கில் பக்கத்துக்கு மூன்று துப்பாக்கித் துளைகள் இருக்கும். பட்டர்வொர்த்தில் நம் மலேசிய ஆகாயப்படை ஓட்டிய சேபரில் பக்கத்துக்கு ஒன்றுதான். கடையில் கிடைக்கும் மாதிரி விமானக் கிட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்க ரகம். நம் நாட்டு விமானத்தைச் செய்ய நினைப்பவர் ஆறு துளைகளை அடைத்து இரண்டைப் புதிதாகப் போட வேண்டும். மூக்கை வெட்டி ஆழமாக்க வேண்டும், சில கிட்டுகளில் இறக்கை நுனியையும் குறைக்க வேண்டும். பெட்டியில் இல்லாத பாகங்களை வெறும் பிளாஸ்டிக் தாளிலிருந்து செய்துகொள்ள வேண்டும்.

பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ ஒரு தோட்டத்து வீட்டில் இரவு விளக்கடியில் நீங்கள் இதைச் செய்பவராக இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். உங்கள் கையில் ஒரு தொழில் பாதி பழகியிருக்கிறது. மீதிப் பாதியை எப்படிக் கற்பது, எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று பார்ப்போம்.

அந்த விமானமே ஒரு மாற்று வேலைதான்

நம்மிடம் இருந்தது ஆஸ்திரேலியாவில் கட்டிய ஆவோன் சேபர். மெல்பர்னில் இருந்த காமன்வெல்த் விமானத் தொழிற்சாலை, அமெரிக்க ஜே47 எஞ்சினை எடுத்துவிட்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஆவோன் எஞ்சினை வைத்தது. ஆவோன் அகலம் கூடியது. நீளமும் எடையும் குறைந்தது. காற்றும் அதிகம் கேட்டது. எனவே காற்று நுழைவாய் ஏறக்குறைய 25 விழுக்காடு பெரிதானது; உடற்பகுதியில் 60 விழுக்காட்டுக்கு மேல் மாறியது. ஆறு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகளின் இடத்தில் இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள் வந்தன. முதல் மாதிரி 1953 ஆகஸ்ட் 3 அன்று பறந்தது. 1969 முதல் 1971 வரை இந்த ரகத்தில் 16 விமானங்களை ஆஸ்திரேலியா நமக்குக் கொடுத்தது.

ஓர் எஞ்சினை மாற்றியதும் எத்தனை பாகங்கள் சேர்ந்து மாற வேண்டியிருந்தது பாருங்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும் என்ற பாடத்தை நீங்கள் மேசைமேல் சின்ன அளவில் படிக்கிறீர்கள்.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. போயிங் 787 விமானத்தில் பொருத்தும் ரோல்ஸ்-ராய்ஸ் டிரெண்ட் 1000 எஞ்சினுக்கு விசிறி உறை செய்து கொடுக்க, 2015இல் யூ.எம்.டபிள்யூ. நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கான ஆலை செரண்டாவில் எழுந்தது. ஈஜோக்கில் லத்தார் நெடுஞ்சாலை ஏறி ரவாங் பக்கம் இறங்கினால் செரண்டா கிட்டத்தில்தான். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அமைந்த தென்னமரம் எஸ்டேட்டும் பெஸ்தாரி ஜெயா பக்கம்தான் இருக்கிறது. பால்மரமும் செம்பனையும் மட்டுமே வேலை தந்த காலம் போய்விட்டது.

மேசைமேல்: நான்கு பழக்கங்கள்

1. முதலில் கணக்கு. ஆவோன் சேபரின் இறக்கை விரிவு 37 அடி 1 அங்குலம், அதாவது 11.3 மீட்டர். 1/48 அளவில் 235 மி.மீ. வர வேண்டும். உங்கள் கிட் அமெரிக்க சேபரின் எஃப்-86எஃப்-40 ரகமாக இருந்தால் ஒவ்வொரு நுனியும் 12 அங்குலம் நீண்டிருக்கும். 305 மி.மீட்டரை 48 ஆல் வகுத்தால் 6.35. பக்கத்துக்கு 6.35 மி.மீ. குறைக்க வேண்டும். "கொஞ்சம் குறைத்தால் போதும்" என்று வேலையைத் தொடங்காதீர்கள். எண் கையில் வந்தபின் கத்தியை எடுங்கள்.

2. இரண்டு ஆதாரம் பார்த்து வெட்டுங்கள். வரைபடம் ஒன்று, புகைப்படம் ஒன்று. வரைபடத்திலும் தவறு இருக்கும். புகைப்படம் கோணத்தால் ஏமாற்றும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் நம்பிக்கையாக வெட்டலாம். பீரங்கித் துளையையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 மி.மீட்டரை 48 ஆல் வகுத்தால் 0.63 மி.மீ. ஆனால் அது குழலின் உள்விட்டம். உடற்பகுதியில் தெரியும் திறப்பு அதைவிடப் பெரிது. எந்த அளவு எதைக் குறிக்கிறது என்று கேட்கத் தெரிந்தவருக்குப் பட்டறை வரைபடம் பாதி புரிந்த மாதிரி.

3. பொருளுக்கு ஏற்ற பொருள். பழைய துளையைப் புட்டியால் அடைத்து அதே இடத்தில் மறுபடி துளையிட்டால் ஓரம் உதிரும். ஸ்டைரீன் கம்பியைப் பசையில் நனைத்துச் செருகுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அறுத்து, அரத்தால் சமமாக்கி, கைத்துளைப்பானால் மெதுவாகத் துளையிடுங்கள். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் கம்பியும் ஒரே பொருள் என்பதால் ஓரம் கூர்மையாக நிற்கும். மூக்கை ஆழமாக்கவும் அப்படித்தான். கீழ்ப்பாதியை வெட்டி, இடையில் ஸ்டைரீன் தாள் அடுக்கி ஒட்டுங்கள். புட்டியைக் குவித்து உருவம் கொடுக்காதீர்கள்.

4. காத்திருங்கள். கரைப்பான் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டுகிறது. அது முழுவதும் ஆவியாகும் முன் தேய்த்துவிட்டால், பெயின்ட் அடித்த பிறகு ஒட்டிய கோடு பள்ளமாகத் தெரியும். ஒரு நாளாவது விட்டுவைத்துத் தேயுங்கள். பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய குறையை அடிப்பூச்சு காட்டிவிடும்.

ரெசின் பாகங்களைச் சேர்த்தால், அவற்றைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

வேலை இடத்தில் மாறும் ஒரே விதி

வீட்டில் குறையைக் கண்டால் நீங்களே திருத்தி, பெயின்ட் அடித்து மறைத்துவிடுகிறீர்கள். அங்கே அது திறமை. விமானப் பாகம் செய்யும் ஆலையில் அதே செயல் ஆபத்து.

என் சொந்த அனுபவம் இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறையில், ஒரு பிடிமானத் துண்டின் விளிம்பு 0.2 மி.மீ. கூடுதலாக இருந்தது. மாதிரி செய்து பழகிய கை. அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தேன், அளவு சரியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. விளிம்பு கூடியதற்குக் காரணம், துண்டைப் பிடிக்கும் ஜிக்கின் உட்தளத்தில் சிக்கியிருந்த ஓர் உலோகச் சீவல். துண்டு அதன்மேல் தூக்கி உட்கார்ந்திருந்தது. நான் அன்றே சொல்லியிருந்தால் ஒரு துடைப்பில் முடிந்திருக்கும். சொல்லாததால் அந்த வரிசை முழுவதும் அதே பிழையோடு வந்தது. மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை. "நீ திருத்தியது ஒரு துண்டை. மறைத்தது காரணத்தை" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து என் பையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. விமானத் தொழிலில் அளவு பிசகிய பாகத்துக்குத் தனி அறிக்கை எழுத வேண்டும். பாகத்தைத் தனியே வைத்து அடையாளம் இட வேண்டும். திருத்தலாமா, கழிக்கலாமா என்று அதிகாரம் உள்ளவர் முடிவு செய்வார். உங்கள் கை எவ்வளவு நேர்த்தியானாலும் அந்த முடிவு எழுதிய தாள் இல்லாமல் அரம் எடுக்கக் கூடாது.

இந்தப் பழக்கத்தை வீட்டு மேசையிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நான்கு வரி எழுதுங்கள்: இருக்க வேண்டிய அளவு, இருந்த அளவு, காரணம், செய்த வேலை. தேதியும் போடுங்கள்.

எந்த வழியில் போகலாம்

இயந்திரப் பட்டறை, தர ஆய்வு: எஸ்.பி.எம். முடித்தவர்கள் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வழியில் நுழையலாம். 1 முதல் 3 வரை சான்றிதழ் நிலைகள். 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. சி.என்.சி. இயந்திரம், அளவீடு இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை செய்துகொண்டே படிக்க விரும்பினால் எஸ்.எல்.டி.என். என்னும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் உண்டு. பெரும்பகுதி நேரம் வேலை இடத்திலும் மீதி பயிற்சி நிலையத்திலும் கழியும்.

ஏற்கெனவே எண்ணெய் ஆலையிலோ தோட்டப் பட்டறையிலோ ஃபிட்டராக, வெல்டராக இருக்கும் அண்ணன்மாருக்கும் வழி உண்டு. பி.பி.டி. என்னும் முன்னனுபவ அங்கீகார முறையில் வேலைச் சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து எஸ்.கே.எம். பெறலாம். பொழுதுபோக்கு அதில் அனுபவமாகச் சேராது. ஆனால் சான்றைத் தொகுத்து வைக்கும் பழக்கம் அங்கே நேரடியாக உதவும்.

விமானப் பராமரிப்பு: பந்திங் பாலிடெக்னிக், யூனிகே.எல். மியாட் போன்ற இடங்களில் படிக்கலாம். விமானத்தில் கையெழுத்திட்டு விடுவிக்க மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் தேவை. அதற்குத் தேர்வுகளும் பல ஆண்டு அனுபவமும் வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல வழி.

மாதிரி செய்யும் தொழில்: வீடமைப்பு நிறுவனங்களின் விற்பனைக் கூடங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் மாதிரி செய்து தரும் சிறு பட்டறைகள் உண்டு. முப்பரிமாண அச்சோடு கைவேலையும் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு கூடும், ஏனென்றால் அச்சில் வந்ததைத் தேய்த்துத் திருத்தக் கை வேண்டும்.

எந்த வழி போனாலும் டாலரன்ஸ், டேட்டம், ரிவிஷன் ஆகிய மூன்று சொற்களின் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். வரைபடத்தை எடுத்ததும் முதலில் ரிவிஷன் எண்ணைப் பாருங்கள். பழைய வரைபடத்துக்குக் கச்சிதமாகச் செய்த பாகமும் தவறான பாகம்தான்.

நேர்முகத்துக்கு என்ன கொண்டுபோவது

பெயின்ட் அடித்து முடித்த அழகான விமானத்தை வீட்டில் வையுங்கள். மூக்கு வெட்டி, வெள்ளை ஸ்டைரீன் அடுக்கும் அடைத்த துளைகளும் வெளியே தெரியும் பாதி வேலையைக் கொண்டுபோங்கள். பக்கத்தில் நோட்டை வையுங்கள். "எங்கே தவறினீர்கள்?" என்று கேட்டால் தயங்காமல் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். தன் பிழையைத் தேதியோடு காட்டும் இளைஞரை நம்பி ஒரு பாகத்தைக் கையில் கொடுக்கலாம் என்று அனுபவமுள்ள மேற்பார்வையாளருக்குத் தெரியும்.

இன்றிரவே தொடங்குங்கள். புது நோட்டின் முதல் வரியில் "இறக்கை விரிவு, இருக்க வேண்டியது 235 மி.மீ." என்று எழுதுங்கள். கேலிப்பரையும் ஸ்கேலையும் எடுத்து உங்கள் கிட்டை அளந்து, வரும் எண்ணை அடுத்த வரியில் எழுதுங்கள். கத்தி நாளை வரை காத்திருக்கட்டும்.