நீர்ப்பூட்டில் மூழ்கிய படகு

பெருஞ்சுமையை நிலத்தின்மேல் இழுத்துச் செல்வது அரிது. நீரில் மிதக்கவிட்டுச் செலுத்துவது எளிது. சாலைகள் மேடும் பள்ளமுமாய்க் கிடந்த அக்காலத்தில், சிறிதளவு சரக்கை ஏற்றிய வண்டியை இழுக்கவும் பல குதிரைகள் வேண்டியிருந்தன. கால்வாயிலோ கரையோரமாக நடந்து சென்ற ஒரே குதிரை, 25 டன் நிலக்கரி ஏற்றிய படகைக் கயிற்றால் இழுத்துச் சென்றது.

இவ்வுண்மையை நன்குணர்ந்த இங்கிலாந்து மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் நாடெங்கும் கால்வாய்களை வெட்டத் தொடங்கினர். வொர்ஸ்லி என்னும் ஊரின் சுரங்க நிலக்கரியை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுசெல்லப் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏட்டுக்கல்வி மிகுதியும் பெறாத ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர் அதனை அமைப்பதில் பெரும்பங்கு கொண்டார். கால்வாய் வந்தபின் மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஏழையின் அடுப்பும் ஆலையின் உலையும் ஒருங்கே பயன்பெற்றன.

அக்கால்வாய் முதலில் ஒரே மட்டத்தில் அமைந்திருந்தது. ஆயின் பின்னர் வெட்டப்பட்ட கால்வாய்கள் குன்றுகளைக் கடக்க வேண்டியிருந்தது. வண்டி மேட்டில் ஏறும், நீர் ஏறுமோ? படகை மேட்டில் ஏற்றவும் பள்ளத்தில் இறக்கவும் மனிதன் கண்ட வழியே நீர்ப்பூட்டு ஆகும்.

நீர்ப்பூட்டு என்பது கால்வாயின் குறுக்கே கல்லாலோ செங்கல்லாலோ கட்டப்பட்ட ஓர் அறை. அதற்கு மேற்புறம் ஒரு வாயிலும் கீழ்ப்புறம் ஒரு வாயிலும் உண்டு. கதவுகளை அடுத்துச் சிறு மதகுகள் இருக்கும். சுழல்கைப்பிடியால் மேல்மதகைத் திறந்தால் அறையில் நீர் நிரம்பும். உள்ளே நிற்கும் படகு தானே உயரும். கீழ்மதகைத் திறந்தால் நீர் வடியும். படகு தானே தாழும். இரட்டைக் கதவுகள் அமைந்த இடங்களில் அவை மேல்நீரை நோக்கிக் கூம்பிய வடிவில் ஒன்றோடொன்று பொருந்தும். நீர் அழுத்த அழுத்த அவை மேலும் இறுகும். இத்தகைய கதவை அமைத்த பெருமையை இத்தாலிய நாட்டு அறிஞர் லியனார்டோ டா வின்சிக்கு உரியதாகக் கூறுவர். தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் இணைத்த பக்கிங்காம் கால்வாயிலும், படகுகள் ஓடிய காலத்தில் நீர்ப்பூட்டுகள் இருந்தன.

இங்கிலாந்தின் குறுகிய பூட்டுகள் ஏறக்குறைய 72 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையவை. அவற்றுக்கு ஏற்பவே படகுகளும் ஒடுங்கியவையாய் அமைந்தன. பூட்டினுள் நிற்கும் படகுக்கும் சுவருக்கும் இடையே கையை நுழைக்கவும் இடமிராது. இத்துணை நெருக்கமான அறையில் சிறு பிழையும் பெருங்கேட்டை விளைவிக்கும்.

அக்கேடு எவ்வாறு நிகழும்? மேல்வாயிலின் அடியில், அறைக்குள் சில அடி நீண்டு நிற்கும் கற்படி ஒன்று உண்டு. அறை நிரம்பியிருக்கும்போது அது கண்ணுக்குத் தோன்றாது. படகு ஒன்று கீழிறங்குவதற்காக உள்ளே நிற்கின்றது எனக் கொள்க. சுக்கான் பிடிப்பவர் பின்னால் திரும்பிப் பாராமல் பேச்சில் மூழ்கியிருக்கின்றார். படகோ மெல்லப் பின்னோக்கி நகர்ந்து கற்படியின் மேல் வந்து நிற்கின்றது. கரையில் இருப்பவர் கீழ்மதகைத் திறக்கின்றார். நீர் வடிகின்றது. முன்பகுதி நீரோடு தாழ்கின்றது. பின்பகுதியோ கற்படியில் அமர்ந்துவிடுகின்றது. படகு முன்னோக்கிச் சாய்கின்றது. உள்ளிருக்கும் பொருள்கள் சரிகின்றன. தாழ்ந்த முன்பகுதியின் வழியே நீர் உட்புகுகின்றது. பல டன் எடையுள்ள இரும்புப் படகு சில நிமிடங்களில் மூழ்கிவிடுகின்றது.

மேலேறும் படகுக்கும் இடர் உண்டு. அதன் முனை கதவின் குறுக்குச் சட்டத்தின் கீழே சிக்கிக்கொண்டால், நீர் உயரும்போது படகு உயர இயலாது. ஏறும் நீரே அதனை விழுங்கிவிடும். இறங்கும் படகின் கயிற்றைக் கரைத்தூணில் இறுகக் கட்டிவிட்டாலும் படகு தொங்கிச் சாயும். நீரின் வலிமையை மனிதக் கைகளால் தடுக்க இயலாது. அதனை மதகால் மட்டுமே அடக்க இயலும்.

மூழ்கியது ஒரு படகே. ஆயின் நின்றுபோவது எத்தனை படகுகள்! சாலையில் ஒரு வண்டி கவிழ்ந்தால் மற்றவை ஒதுங்கிச் செல்லலாம். ஒற்றைப் பூட்டில் ஒதுங்க இடம் ஏது? வூஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாயில் டார்டெபிக் என்னும் இடத்தில் 30 பூட்டுகள் படிக்கட்டுகள்போல அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று அடைபட்டால் ஏனைய 29 நன்றாயிருந்தும் பயனில்லை. மேலிருந்து வருவன மேலேயும், கீழிருந்து வருவன கீழேயும் நிற்கும். முற்காலத்தில் படகையே வீடாகக் கொண்டு, ஏற்றிச் செல்லும் சரக்குக்கேற்பக் கூலி பெற்று வாழ்ந்த குடும்பங்கள் பல இருந்தன. அவர்களுக்கு வழி அடைபடுவது வருவாய் அடைபடுவதே ஆகும்.

மூழ்கிய படகை மீட்பதும் எளிதன்று. முதலில், உள்ளே எவரேனும் அகப்பட்டுள்ளனரா என்று பார்த்து உயிர்களைக் காப்பர். பின்னர்ப் பூட்டின் இருமுனைகளிலும் சுவரிலுள்ள பள்ளங்களில் அடைப்புப் பலகைகளை அடுக்கி நீரைத் தடுப்பர். எண்ணெய் பரவாமல் மிதவைத் தடுப்புகளை இடுவதும் உண்டு. நீரிறைக்கும் பொறிகளால் அறையையும் படகையும் வற்றச்செய்து, நீர்புகும் துளைகளை அடைப்பர். அதன்பின் அறையில் மெல்ல நீரை விட, படகு மீண்டும் மிதக்கும். கதவும் கற்படியும் பழுதுற்றனவா என்று ஆராய்ந்த பின்னரே வழி திறக்கப்படும்.

உயிரிழப்பு நேர்ந்த நிகழ்ச்சியும் உண்டு. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள், லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் கார்கிரேவ் என்னும் ஊருக்கருகே ஒரு படகு பூட்டினுள் மூழ்கியது. உல்லாசமாகப் பயணம் செய்தவர்களுள் நால்வர் உயிரிழந்தனர்.

பெரிய நீர்வழிகளும் இத்தகைய இடருக்கு விலக்கல்ல. 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஜெர்மனியின் மோசல் ஆற்றில் மூடன் என்னுமிடத்தில் சரக்குக் கப்பல் ஒன்று நீர்ப்பூட்டின் கதவில் மோதியது. கப்பல் மூழ்கவில்லை, கதவு சிதைந்தது. அங்கே இருந்தது ஒரே பூட்டறை. ஆதலின் அதற்கு மேற்பகுதியில் ஏறக்குறைய 70 கப்பல்கள் அகப்பட்டுக்கொண்டன. கதவுக்குப் பதிலாக அடைப்புத் தடுப்புகளை இறக்கியும் ஏற்றியும் அவற்றை ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. புதிய கதவுகள் பொருத்தப்பட்டு, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே வழி மீண்டும் திறந்தது.

இத்தகைய துன்பத்தைத் தடுப்பதற்கு அரிய கருவிகள் வேண்டுவதில்லை. கற்படி எதுவரை நீண்டுள்ளது என்பதைக் காட்டப் பூட்டின் சுவரில் வெள்ளைக் கோடு தீட்டப்பட்டுள்ளது. படகின் பின்பகுதி அக்கோட்டுக்கு முன்னே நிற்க வேண்டும். மதகருகே நிற்பவர் தம் இடத்தை விட்டு அகலலாகாது. படகு சாய்வதைக் கண்டவுடன் கீழ்மதகை மூட வேண்டும். பின்னர் மேல்மதகை மெல்லத் திறந்து அறையில் நீரை நிரப்ப வேண்டும். அவ்வாறு செய்தால் சாய்ந்த படகு நிமிரும். அஞ்சி அலறுவதாலோ, படகைக் கையால் தள்ளுவதாலோ பயனில்லை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது தமிழர் கண்ட பழமொழி அன்றோ?

சரக்குப் படகுகளின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்ட போதிலும், இங்கிலாந்தின் கால்வாய்களில் இன்றும் உல்லாசப் படகுகளும் வீட்டுப் படகுகளும் செல்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளை, 2012-ஆம் ஆண்டு முதல் ஓர் அறக்கட்டளை பேணி வருகின்றது. பூட்டுகள் பலவற்றை இயக்குவோர் பயணிகளே ஆவர். எனவே அவ்வழியின் காவலரும் அவர்களே. பொதுவழியில் செல்லும் ஒவ்வொருவர் கையிலும் பிறரது பயணமும் அடங்கியிருக்கின்றது. ஒருவர் கண்ணிமைக்கும் நேரம் கவனத்தை இழந்தால், அவர் முகமும் அறியாத பலர் நாட்கணக்கில் காத்திருக்க நேரிடும். இதனை உணர்ந்து விழிப்போடு ஒழுகுவதே நற்குடிமைக்கு அழகாகும்.

வினாக்கள்

1. நீர்ப்பூட்டு எவ்வாறு படகை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்கின்றது?
2. கற்படியால் படகுக்கு நேரும் இடர் யாது? அதனைத் தடுக்கும் வழிகள் யாவை?
3. ஒரு படகு மூழ்குவதால் கால்வாய் முழுதும் போக்குவரத்து நின்றுபோவது ஏன்?
4. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இப்பாடத்திற்கு எவ்வாறு பொருந்துகின்றது?