நிங் தளமும் ஆசிரியர்களும்

நிங் என்னும் சீனச் சொல்லுக்கு அமைதி என்பது பொருள். அப்பெயருடைய நிறுவனத்தை மார்க் ஆண்ட்ரீசனும் ஜீனா பியாங்கினியும் கலிபோர்னியாவில் தொடங்கினர். ஆசிரியரோ இசைக்குழுவினரோ, எவராயினும் தமக்கெனச் சமூக வலைத்தளம் ஒன்றைக் காசின்றி அமைத்துக்கொள்ள அது வழி செய்தது. இலவசத் தளங்களின் பக்கங்களில் விளம்பரங்கள் இடம்பெற்றன.

2010 ஏப்ரலில் அமைதி குலைந்தது. கட்டணம் செலுத்துவோர்மீதே இனிக் கவனம் என்று கூறி, இலவசச் சேவையை முடிப்பதாக நிறுவனம் அறிவித்தது. பணியாளருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வேலை இழந்தனர்.

சிறு தளத்திற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 டாலர் கட்டணம். தொகை சிறிதே, ஆயினும் வகுப்பறைத் தளத்திற்கு அதைக் கொடுப்பவர் யார்? மாணவர் எழுதிய கட்டுரைகளும் படங்களும் அங்கேதான் இருந்தன. தளம் மறைந்தால் அவையும் மறையும். பியர்சன் நிறுவனம் வட அமெரிக்கப் பள்ளிகளின் சிறு தளங்களுக்குரிய கட்டணத்தை ஏற்க முன்வந்தது. ஏனைய நாட்டு ஆசிரியர்களோ பணம் செலுத்தவோ, பதிவுகளுடன் வேறிடம் பெயரவோ வேண்டியிருந்தது.

அருஞ்சொற்பொருள்: விழுக்காடு – சதவீதம், குலைதல் – சிதைதல்

சிந்தித்து எழுதுக: ஏனைய நாட்டு ஆசிரியர்களுக்கு இருந்த இரு வழிகள் யாவை? நீங்கள் எதைத் தேர்வீர்கள்? ஏன்?