தால்ச்சா இருக்கட்டும், சோற்றைக் குறைப்போம்

என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) என்று தெரிந்ததும், சொந்தக்காரர்கள் முதலில் நிறுத்தச் சொன்னது எலும்பும் பருப்பும் காயும் போட்டு வைக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தால்ச்சாக் குழம்பைத்தான். மலேசியாவில் எங்கள் ஊரான காப்பாரில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. மலேசிய இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம்.

நான் தால்ச்சாவை விடவில்லை. சர்க்கரையை ஏற்றுவது அதிலுள்ள உருளைக்கிழங்கும், அளவு மீறிய பருப்பும், குழம்பு ருசியில் கூடுதலாக இறங்கும் சோறும்தான். அதனால் சமையலில் இப்படி மாற்றிக்கொண்டேன்.

எலும்பு: முதல் நாளே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மேலே உறையும் கொழுப்பை மறுநாள் கரண்டியால் வழித்துவிடலாம்.

காய்: உருளைக்கிழங்கு வேண்டாம். முள்ளங்கி, முருங்கைக்காய், பயிற்றங்காய் தாராளமாகப் போடுங்கள். நாலு பேருக்குக் கால் கப் கடலைப்பருப்பு போதும். கெட்டித்தன்மைக்கு, வெந்த கத்தரிக்காய் இரண்டை மசித்துக் கலக்குங்கள்.

தேங்காய்ப்பால்: இது சர்க்கரையை அவ்வளவாக ஏற்றாது, ஆனால் இருதயத்துக்கு ஆகாத கொழுப்பு. அரைக் கப் இரண்டாம் பால் போதும். குறையும் ருசியை வறுத்து அரைத்த மல்லி, சோம்பும் மாங்காய்ப் புளிப்பும் ஈடுகட்டும். உப்பைக் கூட்ட வேண்டாம்.

தட்டு: சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறைதான் எங்களுக்கும். கால் தட்டுச் சோறு, கால் தட்டுக் கறி அல்லது மீன், அரைத் தட்டுக் காய், பழம். தால்ச்சாவில் கறியைவிட எலும்புதான் அதிகம் என்பதால் பக்கத்தில் ஒரு மீன் துண்டும் வைப்பேன். காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் தொட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

சோதனை: சாப்பிடும் முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரே தால்ச்சா எல்லாருக்கும் சர்க்கரையை ஒரே அளவு ஏற்றாது. உங்கள் வீட்டுக்கு எத்தனை கரண்டிச் சோறு சரி என்பதை அந்த எண்கள் சொல்லிவிடும்.

ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் சோற்றைச் சட்டென்று குறைத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பருப்புக்கும் கறிக்கும் அளவு உண்டு. கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பிறகு கரண்டியைக் குறையுங்கள்.